சரியாச் சொன்னேனா?

மூன்று வயது வரை என் மகள் தமிழையும் வங்காள மொழியையும் கலந்துகட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பெஹாலாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் வங்காளி அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுபவர், பள்ளிச் சேர்க்கையில் இங்கிலீஷில்தான் கேள்வி கேட்பார்கள் என்று சொன்னார். அன்றே குழந்தைகளுக்கான ஆங்கிலச் செயலி ஒன்றைக் கைபேசியில் ஏற்றினேன். வங்கியிலிருந்து திரும்பி நான் சமையலில் இறங்கும்போது அவள் அதோடு உட்கார்ந்துவிடுவாள். படம் வரும், பெயரைச் சொல்ல வேண்டும். சரியென்றால் நட்சத்திரம் கொட்டும். இல்லையென்றால் ஒரு பெண்குரல் இனிமையாக, "ட்ரை அகெய்ன்" என்று சொல்லும்.

ஒரு மாதத்தில் நிறையச் சொற்கள் வந்துவிட்டன. எனக்குப் பெருமைதான். மாற்றத்தைக் கவனித்தவர் என் கணவர்.

"பாப்பா இப்பல்லாம் எது சொன்னாலும் உடனே நம்ம மூஞ்சியப் பாக்கறா, கவனிச்சியா?"

அன்று சாப்பிடும்போது பார்த்தேன். "அம்மா, தயிர் வேணும்" என்றாள். பிறகு மெதுவாக, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

தயிர் கேட்பதற்குக்கூட என் குழந்தை பயந்துகொண்டிருந்தது.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிக்குதிரைப் படம் வந்தது. "ஜீப்ரா" என்றாள். "ட்ரை அகெய்ன்." திரும்பச் சொன்னாள். திரும்பவும் அதே குரல். மூன்றாவது முறை உதடு மட்டும் அசைந்தது.

"குடு, அம்மா சொல்றேன்" என்று வாங்கி, இத்தனை வருட ஆபீஸ் இங்கிலீஷின் தைரியத்தில் "ஜீப்ரா" என்றேன். "ட்ரை அகெய்ன்." நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அதற்கும் அதே பதில்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் வரலியா?"

"வரலையே. என்ன பண்றது?"

கொஞ்சம் யோசித்தாள். "பரவால்லமா. எனக்குப் புரிஞ்சுது."

செயலியை நான் நீக்கவில்லை. அவள் அதில் கற்றுக்கொண்டதும் உண்மைதானே. ஆனால் தனியாகக் கையில் கொடுப்பதில்லை. இருவருமாகச் சொல்கிறோம், தப்பானால் சிரிக்கிறோம். சமையல் அரை மணி நேரம் தள்ளிப்போகிறது. "சரியாச் சொன்னேனா?" என்ற கேள்வி அவள் வாயிலிருந்து போகச் சில வாரங்கள் பிடித்தன.

சேர்க்கைக்குப் போனபோது யானைப் படத்தைக் காட்டினார்கள். முதலில் வங்காள மொழியில் "ஹாத்தி" என்றாள், பிறகு "எலிஃபன்ட்" என்றாள். ஆசிரியை தலையாட்டிக்கொண்டே எழுதினார். இடம் கிடைத்தது. வெளியே வந்து ஆட்டோ பிடிப்பதற்குள், அந்த யானைக்கு ஏன் ஒரு தந்தம்தான் வரைந்திருந்தார்கள் என்று என்னைக் குடைய ஆரம்பித்துவிட்டாள்.