பின்சீற் இல்லாத பிக்கப்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரரின் வரவேற்பறைதான். லண்டனில் கணவரின் தங்கை வீடு, பாரிசில் சித்தப்பா வீடு, சுவிசில் பெரியம்மா வீடு. ஊர் சுற்றிப் பார்த்தது குறைவு, மற்றவர்களின் குசினியில் வெங்காயம் உரித்தது அதிகம். அவர்களெல்லாம் விடுமுறைக்கு எங்கே போவார்கள் என்று கேட்கிறீர்களா? ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு.

பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போன பிறகு கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சருங்கோ, எனக்கு ஒரு வோன்வாகன் வேணும். வாகனத்துக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற வீடு. நீங்களும் நானும் மட்டும் ஏதாவது ஏரிக்கரையில போய் ஒரு கிழமை இருப்பம்."

"நாங்கள் ரெண்டு பேர் மட்டுமோ?" என்று கேட்டார். வைத்தியர் கெட்ட செய்தி சொன்னதுபோல முகம்.

வோன்வாகன் கிடைத்துவிட்டது. எங்கள் சின்னக் காரால் அதை இழுக்க ஏலாது. பிக்கப் ஒன்று தேவைப்பட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் வாகனம் வாங்குவதென்றால் அவர் மட்டும் வாங்குவதில்லை, பேரவை கூடும். ஒவ்வொரு ஞாயிறும் கணவரின் அண்ணரும், அண்ணரின் சிநேகிதர் ஒருவரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். சிநேகிதர் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் அவர் சொல்வதற்கு மறுபேச்சில்லை. அங்கே கன்ரீனில் கோப்பை கழுவியவர் என்பதை எல்லோரும் மரியாதைக்காக மறந்திருந்தார்கள். டீசலா பெட்ரோலா, கியர் தானாக மாறுவதா கையால் போடுவதா என்று தொண்டை வறளக் கதைத்தார்கள். வறளாமல் இருக்கத் தேத்தண்ணீரும் ரோல்ஸும் நான் கொடுத்தேன்.

நான் கேட்டது ஒன்றுதான். முன்னால் இரண்டு சீற் மட்டும் உள்ள பிக்கப். பின்சீற்றே இருக்கக் கூடாது.

"ரெண்டு சீற்றோ?" அண்ணர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டார். "ஆக்கள் வந்தால் எங்க ஏத்துறது?"

"அதுக்குத்தான் அத்தான் கேக்கிறன்" என்றேன். பகிடி என்று நினைத்து மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முதலில் பார்க்கப் போன பிக்கப் கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. அண்ணர் ரயரை உதைத்துப் பார்த்தார். சிநேகிதர் ஹோர்ன் அடித்துப் பார்த்து, "எஞ்சின் நல்லம்" என்றார். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் படமெடுக்கச் சொன்னார். நான் படமெடுத்துவிட்டு, அதே போனின் வெளிச்சத்தோடு வாகனத்துக்குக் கீழே புகுந்தேன். இழுவைக் கொக்கி பூட்டும் சட்டத்தில் விரலால் தட்ட, துரு பொரி பொரியாக உதிர்ந்தது. அந்தக் கொக்கியில்தான் என் வீடு தொங்கப் போகிறது.

"இஞ்ச பனிக்கு உப்புப் போடுற ரோட்டு, எல்லா வாகனத்திலயும் துரு இருக்கும்" என்றார் சிநேகிதர், குனிந்தும் பார்க்காமல். உதிர்ந்த துருவைக் கணவரின் உள்ளங்கையில் கொட்டினேன்; அந்தக் கறுப்பு வேண்டாம் என்றாயிற்று.

கடைசியில் வேறொரு வியாபாரியிடம் இரண்டு நல்ல பிக்கப்புகள் நின்றன. ஒன்று ஒரு தோட்டக்காரர் ஓட்டிய வெள்ளை வண்டி. கீறல் விழுந்த உடம்பு, ஆனால் கீழே துருவில்லை, எங்கள் பாரத்தை இழுக்கத் தாராளமான பலம், இரண்டே சீற். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மற்றது சாம்பல் நிறம், அதுவும் உறுதியானது, பின்னால் மூன்று சீற். பேரவை எதை எடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "உமக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் கணவர். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வெள்ளை வண்டியை ஒருமுறை தடவிவிட்டு வந்தேன்.

பேரம் முடிந்ததும் வியாபாரி கணவரிடம் ஜேர்மன் மொழியில் கேட்டார்: இவ்வளவு பெரிய வோன்வாகனை இழுக்கச் சாதாரண லைசென்ஸ் போதாதே, இழுவைக்கான தனி லைசென்ஸ் இருக்கிறதா?

"யா, யா" என்றார் கணவர். விளங்காத எதற்கும் விளங்கியது போல "யா, யா" சொல்வது எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் கற்ற பாடம். இவர் அதில் பட்டம் பெற்றவர்.

வியாபாரி கேட்டதைக் காரில் வைத்து விளக்கினேன். "அண்ணையைக் கேப்பம்" என்றார். "கனபேர் சும்மா ஓடுகினம், பிரச்சினையில்லை" என்றார் பின்னால் இருந்த அண்ணர். கணவர் பார்சல் வான் ஓட்டுகிறவர். பிடிபட்டால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேலை போகும் என்று நான் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது. ஆனால் திரும்பப் படிக்க அவருக்கு வெட்கம், அண்ணருக்கு வயசாம், சிநேகிதருக்கு நேரமில்லையாம். நான் ஓட்டுநர் பள்ளியில் டெர்மின் எடுத்து, அந்த இழுவை லைசென்ஸுக்குப் படிக்கச் சேர்ந்தேன். பின்பக்கமாக வளைத்து நிறுத்தும் பயிற்சியில் வியர்த்துக் கொட்டியது. பரீட்சையில் முதல் தடவையே பாஸ்.

"சரி, இவவும் பழகட்டும்" என்று அண்ணர் பெரிய மனசு வைத்தார்.

புறப்படும் நாள் கோயில் வாசலில் பூசை. பிக்கப்புக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். நான் ஏறி எஞ்சினை இயக்கினேன். பழம் நசிவதற்குள் பின்கதவு திறந்தது. அண்ணர், அண்ணரின் மனைவி, சிநேகிதர். மடியில் ரைஸ் குக்கர்.

"சீற் சும்மாதானே கிடக்கு" என்றார் அண்ணர்.

கணவரைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைத் தேடுவதுபோல வெளியே குனிந்தார். எல்லாம் முன்னமே கதைத்து வைத்ததுதான்.

எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவினேன். இறங்கிப் போய்ப் பின்கதவு ஜன்னல் வழியாக அதை அண்ணரிடம் நீட்டினேன்.

"அத்தான், எல்லாரும் சந்தோசமாப் போட்டு வாங்கோ. நான் பஸ்ஸில வீட்ட போறன். நீங்களே ஓடுங்கோ."

அண்ணர் திறப்பைப் பார்த்தார், பின்னால் நின்ற வோன்வாகனைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். கார்த் தொழிற்சாலை அனுபவம் கதவுப் பிடியைத் தேடியது. முதலில் இறங்கியது ரைஸ் குக்கர்.

நெடுஞ்சாலையில் நாங்கள் இருவர் மட்டும். கணவர் அடிக்கடி திரும்பிப் பின்சீற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆக்கள் இல்லாமல் வெறிச்செண்டு கிடக்கு" என்றார் கடைசியில்.

"நான் இருக்கிறன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்ததும் வோன்வாகனைப் பின்பக்கமாக வளைத்து ஒரே தடவையில் நிறுத்தினேன். அன்று தேத்தண்ணீர் அவர் போட்டார். இரண்டு கோப்பை.