இருபது பவுண்டுக்குள் ஆர்லிஸ்

ஐந்தாவது வாரையும் சுருட்டித் தராசில் வைத்துவிட்டு ஆர்லிஸ் டோலெஃப்சன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். சாப்பாட்டு மேசை முழுக்க வார்களும் கயிறுகளும். உப்புக்குப்பியும் வெண்ணெய்க் கிண்ணமும் ஓரத்துக்குத் துரத்தப்பட்டிருந்தன. அவள் கணவன் வெர்ன் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றபடியே உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். அக்டோபர் பிறந்ததிலிருந்து அவனுக்கு இதே கதிதான்.

“அஞ்சும் சேர்ந்து பதினஞ்சு அவுன்ஸ்,” என்றாள்.

“அந்த நாடாவுக்கா இந்தப் பாடு?”

“நாடாவா? இதை நம்பித்தான்யா மரத்துல நிக்கப் போறேன். பேசாம சாப்பிடு.”

மரத்தில் இருந்துகொண்டு வில்லால் மான் வேட்டையாடுகிறவர்களில் ஆர்லிஸ் சேணக்காரி. ஆசனம் எதுவும் கிடையாது. இடுப்பையும் பின்புறத்தையும் ஏந்துகிற துணிச் சேணம், அதிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு, காலுக்கடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மிதிபலகை, அவ்வளவுதான். மேலே போக நான்கு ஏறுகட்டைகள், ஒவ்வொன்றிலும் காலூன்ற இரண்டு படி. நான்கு கட்டைகளையும் பலகையையும் மரத்தோடு இறுக்கிக் கட்டத்தான் இந்த ஐந்து வார்கள். அவள் போகிற மேடு அரசாங்கக் காடு. கொண்டுபோனதையெல்லாம் அன்றைக்கே அவிழ்த்துச் சுமந்துவர வேண்டும். ஒரு முழக் கயிற்றைக்கூட மரத்தில் விட்டுவரக் கூடாது.

வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அந்த வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களில் பாதிப்பேர் அவள் வண்டியில் போய்த்தான் எழுத்துப் படித்தார்கள். இன்றைக்கும் வங்கியில் யாராவது குரலை உயர்த்தினால் “உக்காந்து பேசு” என்பாள், அவரும் உட்கார்ந்துவிடுவார். காலை எட்டு இருபதுக்கு வண்டியை நிறுத்தினால் மறுபடி இரண்டு பத்துக்கு ஏறினால் போதும். நடுவில் கிடைப்பது வேட்டைக்கு உதவாத பொழுது. மான்கள் விடியலிலும் பொழுது சாய்கையிலும்தான் நடமாடும். நவம்பரில் இரண்டு வாரம் மட்டும் ஆண்மான்களுக்குப் பித்துப் பிடித்துவிடும், பெண்மானைத் தேடிப் பட்டப்பகலில் அலையும். ஆர்லிஸுக்கு வருடம் என்றால் அந்த இரண்டு வாரம்தான். அப்புறம் ஒரு சனிக்கிழமை துப்பாக்கிக்காரர்கள் திமுதிமுவென்று இறங்கிவிடுவார்கள்.

போன வருடம் பிப்ரவரியில் அவள் முதுகெலும்பில் வட்டு ஒன்று நழுவியது. மூன்று வாரம் படுக்கை. குளியலறைக்குத் தவழ்ந்து போனாள். வெர்ன் தூக்கிவிட வந்தால் வலியில் கத்தினாள். அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்: இனி ஆயுசுக்கும் இருபது பவுண்டுக்கு மேல் சுமக்கக் கூடாது. ஆர்லிஸ் மறந்தாலும் வெர்ன் அதை மறக்கவில்லை. அந்த மூன்று வாரம் அவனை அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தது. வண்டிக் கொட்டகை உத்தரத்தில் மீன் நிறுக்கிற தொங்குதராசைக் கொண்டுவந்து மாட்டினான். வேட்டைக்குப் போகிற நாளில் பையும் வில்லும் அதில் தொங்கியாக வேண்டும். முள் இருபதைத் தாண்டினால் மேடு கிடையாது. மைத்துனன் கோர்டியின் சோள வயலில் நிற்கிற மரப்பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். பெட்டிக்குள் கணப்பு உண்டு, சாய்வு நாற்காலி உண்டு, ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. ஆர்லிஸ் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லாதவள், அதுதான் சங்கடம்.

“அதுக்குள்ள போய் உக்காந்தா நான் வேட்டைக்காரி இல்லை. பல் டாக்டரைப் பாக்கக் காத்திருக்கிற கிழவி,” என்பாள்.

ஆகவே பை இளைக்கத் தொடங்கியது. ஜிப்புகளின் இரும்பு இழுப்பான்களைக் கழற்றிவிட்டு நூல் கட்டினாள். கைவிளக்கைச் சுண்டுவிரல் அளவுக்கு மாற்றினாள். ரொட்டியின் ஓரத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டுத்தான் சாண்ட்விச் செய்தாள். ஓரங்களை வெர்ன் தின்றான். இப்படியெல்லாம் செய்தும் முள் இருபது பவுண்டு பதினைந்து அவுன்ஸில் வந்து நின்றுகொண்டது. மிச்சம் இருந்தது வார்கள்தான். ஏறுகட்டைகளோடு வந்த பழைய வார்கள் இரண்டு விரல் அகலம், இரும்புப் பக்கிள், ஒவ்வொன்றும் ஐந்தரை அவுன்ஸ்.

வில்லும் அம்பும் விற்கிற ரோலி ஸ்வெக்கின் கடைக்குப் போனாள். ரோலிக்கு முப்பத்தொன்பது வயது. ஆர்லிஸ் கணக்கில் அவன் இன்னும் மூன்றாவது வரிசை ஜன்னலோரம்.

“கயிறு வாங்குங்க அக்கா. ஒவ்வொண்ணும் ஒண்ணரை அவுன்ஸ்தான். இப்ப எல்லாரும் இதுலதான் கட்டுறாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்தான்.”

ஒரு கயிற்றை மட்டும் வாங்கி வந்தாள். கொட்டகைத் தூணில் கட்டையை வைத்துக் கட்டினாள். அப்புறம் உறைபெட்டியிலிருந்து பட்டாணிப் பையை எடுத்து இரண்டு கையாலும் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் சிவந்து மரத்துப்போன பிறகு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நவம்பர் மேட்டில் விரல் அப்படித்தான் இருக்கும். வெர்ன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாலு நிமிஷம்,” என்றான். “எனக்கு ராத்திரிக்குப் பட்டாணி இருக்கா இல்லையா?”

கயிறு திரும்பிப் போனது. ரோலி இரண்டாவதாக எடுத்துக் காட்டியது ஓர் அங்குல அகலத்தில் மெல்லிய வார், அலுமினியப் பக்கிள், மூன்று அவுன்ஸ். பட்டாணிச் சோதனையில் இருபது நொடியில் கழன்றது. பக்கிள் கட்டையில் பட்டால் ‘டங்’ என்று சத்தம் வந்தது; துணி ஒட்டுநாடா சுற்றி அடக்கினாள். உடம்பை முன்னால் தள்ளிப் பார்த்தாள், பின்னால் சாய்ந்து பார்த்தாள், வழுக்கவில்லை. ஐந்து வாங்கிக்கொண்டாள்.

“வாலை மட்டும் வெட்டிடாதீங்க அக்கா,” என்றான் ரோலி. “வெட்டினவங்க எல்லாரும் என்கிட்டதான் திரும்பி வர்றாங்க.”

“நீ முன்னாடி பாத்து உக்காரு,” என்றாள் ஆர்லிஸ்.

மறுநாள் காலை முள் இருபது பவுண்டு மூன்று அவுன்ஸ். வெர்ன் சோள வயல் இருக்கிற திசையைப் பார்த்தான். ஆர்லிஸ் உள்ளே போனாள். அவள் ஏறுகிற ஓக் மரத்தை வசந்தத்திலேயே அளந்து வைத்திருந்தாள், சுற்றளவு நாலடி. வார் ஏழடி. இறுக்குவதற்கு ஓரடி போனாலும் இரண்டடி வால் சும்மா தொங்கப்போகிறது. சும்மா தொங்குவதை எதற்குச் சுமப்பது? தையல் கத்தரிக்கோலால் ஐந்தையும் இரண்டிரண்டு அடி வெட்டினாள். நூல் பிரியாதபடி முனைகளை மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்கினாள். திரும்பவும் பை ஏறியது. பத்தொன்பது பவுண்டு பதினைந்து அவுன்ஸ். வெர்ன் தராசை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். முள் நகரவில்லை.

ஒன்பது நாள் ஒழுங்காகப் போய் வந்தாள். ஒன்பது நாளும் மேற்குக் காற்று. பெண்மான்கள் வந்தன, குட்டிகள் வந்தன. அவள் எதிர்பார்த்தது வேறு. பேருந்துப் பிள்ளைகள் மூன்று வருடமாக ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துப் ‘பிரின்சிபால்’ என்று பெயர் வைத்த ஆண்மான் அது. இடது கொம்பு தாழ்ந்திருக்கும். சாலையில் போகிற எல்லாரையும் நின்று முறைக்கும். அதுதான் பெயருக்குக் காரணம்.

வியாழக்கிழமை காற்று கிழக்குக்குத் திரும்பியது. துப்பாக்கிக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. கிழக்குக் காற்றில் அந்த ஓக்கில் ஏறினால் அவள் வாசனை நேரே மான்கள் படுக்கிற பள்ளத்துக்குள் இறங்கும். ஒன்றுகூட எழுந்து வராது. எந்த மரம் என்று முடிவு செய்வது காற்றுதானே, வேட்டைக்காரியா? முப்பது வருடமாகத் தெரிந்த சங்கதி இது. நாற்பது தப்படி தள்ளி, பள்ளத்துக்கு மறுபுறம் நின்ற கிழட்டு ஓக்குக்குப் போனாள். முதல் கட்டையை அடியில் சாய்த்து வைத்து, வாரைப் பின்புறமாகச் சுற்றி இழுத்தாள். முனை பக்கிளுக்கு வரவில்லை. ஒரு ஜாண் இடைவெளி.

இன்னும் இறுக்கிப் பார்த்தாள். கட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஜாண் ஜாணாகத்தான் நின்றது. கன்னத்தை மரத்தில் அழுத்தி, இரு கையிலும் இரு முனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். “போடி முட்டாள்,” என்று மரத்திடம் சொன்னாள். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தவளுக்கு அதைவிடப் பெரிய வசவு வாயில் வரவில்லை.

இரண்டு வார்களை ஒன்றோடொன்று கோத்தால் எட்டும். ஐந்து வாரில் இரண்டு ஜோடி, ஒன்று உதிரி. இரண்டு கட்டைதான் கட்ட முடிந்தது. பலகைக்கு வழியில்லை. வழக்கமாகப் பதினெட்டடி உயரத்தில் நிற்பவள் ஏழடியில், கட்டையின் மேல்படியில், கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு சேணக்கயிற்றில் சாய்ந்து நின்றாள்.

பன்னிரண்டு இருபதுக்குப் பிரின்சிபால் வந்தது. தலையைத் தாழ்த்தி, தரையை மோந்துகொண்டு, அவள் நினைத்திருந்த தடத்திலேயே வந்தது. இருபது தப்படி தூரத்தில் தலையைத் தூக்கியது. அவள் பதினெட்டடியில் இருந்திருந்தால் அவளுக்குக் கீழேயே நடந்து போயிருக்கும். ஏழடியில் அவள் முகம் அதன் பார்வைக்கு நேராக இருந்தது. வில் பாதிதான் உயர்ந்திருந்தது. அதற்குமேல் உயர்த்த முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மான் முன்னங்காலால் ஒருமுறை தரையை உதைத்தது. மூக்கால் சீறியது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்குள் மறைந்தது.

ஆர்லிஸுக்கு அழுகை வந்தது. அழுதாள். மூன்று வருடம் காத்திருந்தது வீணாய்ப் போனது, பழி போடவும் ஆளில்லை. ஒரு மணிக்கு வார்களைக் கழற்றிக்கொண்டு இறங்கி நடந்து, இரண்டு பத்துக்கு வண்டியில் ஏறினாள்.

“பிரின்சிபாலைப் பாத்தீங்களா?” என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

“பாத்தேன். அவரும் என்னைப் பாத்தாரு. எல்லாரும் உக்காருங்க.”

சாயந்தரம் ரோலி கடையில் ஐந்து புது வார்களைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“ஒரு வார்த்தை பேசினே, பாரு.”

“நான் என்னக்கா பேசினேன்?” என்றான் ரோலி. உதட்டை மடித்துக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கொட்டகையில் தராசு ஆடி நின்றது. இருபது பவுண்டு மூன்று அவுன்ஸ். காற்று இன்னும் கிழக்கிலிருந்துதான்.

“மூணு அவுன்ஸ் ஜாஸ்தி,” என்றான் வெர்ன். “கோர்டிக்குச் சொல்லிடறேன், கணப்பைப் போட்டு வைக்கட்டும்.”

“நேத்து ரெண்டு ரெண்டு வாரைக் கோத்துக் கட்டினேன்,” என்றாள். “வெட்டினதால எட்டலை. பலகை கட்ட முடியலை. படியிலேயே ரெண்டரை மணி நேரம்.”

வெர்ன் திரும்பினான்.

“கோத்தது விட்டிருந்தா?”

“விடலை.”

“விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேக்குறேன்.”

“அதான் முழு வாரா வாங்கிட்டு வந்திருக்கேன்.”

தராசைப் பார்த்தான், அவள் முதுகைப் பார்த்தான். ஆர்லிஸ் பையைத் திறந்து ஐந்து வார்களையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தன் இடுப்பில், சட்டைக்கு மேலே, சுற்றிப் பக்கிளை மாட்டிக்கொண்டாள். முள் பத்தொன்பது பவுண்டு நாலு அவுன்ஸுக்கு இறங்கியது.

“அது கனமில்லையா?”

“இது பெல்ட்டு. உன் பெல்ட்டை நான் என்னிக்காவது நிறுத்துப் பாத்திருக்கேனா?”

கடைசி வாரின் வால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வெர்ன் குனிந்து அதை எடுத்தான். மூன்றாக மடித்து அவள் இடுப்பில் செருகினான். நழுவுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.