இருபது கிராம் சுண்ணாம்புக்கல்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சு நின்றுபோனது. காரணம்? இருபது கிராம் சுண்ணாம்புக்கல்.

ஜெசிந்தாவுக்கு ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி மட்டும் ஃபெயிலாகி நின்றுவிட்டது. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள்... பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற, வெளியே போகிற கன்டெய்னர்களை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சூப்பர்வைசர் இடம் காலி. ஆனால் ப்ளஸ் டூ சர்டிபிகேட் வேண்டுமாம். இல்லையென்றால், போன வருஷம் சேர்ந்து இவளிடமே வேலை பழகிய பெண்ணுக்கு அந்த நாற்காலி போய்விடும்.

“அவகிட்ட போயி நான் லீவு கேட்டு நிக்கணுமா?” என்றாள். நாற்பத்துநாலு வயதில் திறந்தநிலைப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டாள்.

வாத்தியார் யார்? எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளும் அடியேன்தான்.

கணக்கு இது. ஒரு மாணவர் இருபது கிராம் கால்சியம் கார்பனேட்டை, அதாவது சுண்ணாம்புக்கல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுவதும் கரைக்கிறார். எத்தனை கிராம் அமிலம் வேண்டும்? யார் இந்த மாணவர்? எதற்காகக் கரைக்கிறார்? வீட்டில் கேட்க ஆளில்லையா? நான் படித்த காலத்திலிருந்து இவர் கரைத்துக்கொண்டேதான் இருக்கிறார்...

சமன்பாட்டில் கார்பனேட்டுக்கு முன்னால் ஒன்று. அமிலத்துக்கு முன்னால் இரண்டு.

“ஒண்ணுக்கு ரெண்டுன்னு போட்டிருக்குல்லா. அப்போ இருவதுக்கு நாப்பது” என்று பேனாவை மூடிவிட்டாள் ஜெசிந்தா.

“அது எடை இல்ல, எண்ணிக்கை. மோல்.”

“மோல்னா?”

“ஆறு புள்ளி பூஜ்யம் ரெண்டு ரெண்டு இன்ட்டு பத்தின் அடுக்கு இருவத்திமூணு.”

“அத்தனையையும் யாரு எண்ணுனா?”

பத்து நாளாக இதே கதை. நான் மோல் என்பேன், அவள் நாற்பது என்பாள். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. “ஏளா, எத்தன தடவ சொல்லுதேன்? இதுகூட மண்டையில ஏறலன்னா எப்படி?” என்று கத்திவிட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

புதன்கிழமை அவள் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். கொடுக்கலாம் என்று யார்டுக்குப் போனேன். யாரோ ஒரு ஏற்றுமதிக்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். யார்டு பாஷையில் கன்டெய்னருக்கு ‘பாக்ஸ்’ என்று பெயர்.

“அண்ணாச்சி, போன வாரம் போன ஒரு பாக்ஸ் தென்னந்தும்பு. இன்னைக்கு வந்த ரெண்டும் கிரானைட்டு. ரெண்டு பாக்ஸுதானன்னு தும்போட வெயிட்ட ரெட்டிப்பாக்கி எழுதச் சொல்லுதீங்களே, எப்படி எழுத? எண்ணிக்க வேற, வெயிட்டு வேற. லாரிய வே பிரிட்ஜ்ல ஏத்தி எட போட்டுட்டு வாங்க.”

நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பத்து நாளாகத் தொண்டை கிழிய நான் சொன்னதை, எனக்குச் சொல்லத் தெரியாத அளவுக்குத் தெளிவாக, அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். பதினாறு வருஷமாகத் தினமும் சொல்கிறாள் போலிருக்கிறது. ஒரு நாளாவது உன் வேலை என்னவென்று நான் கேட்டிருக்கிறேனா?

சாயங்காலம் டீயோடு உட்கார்ந்தோம். “மோல்னா ஒரு பாக்ஸுன்னு வச்சிக்கோ. முன்னால இருக்குற நம்பரு பாக்ஸ் எண்ணிக்கை. கார்பனேட் ஒரு பாக்ஸ் நூறு கிராம். ஆசிட் ஒரு பாக்ஸ் முப்பத்தாறரை கிராம்” என்றேன். அவ்வளவுதான்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். “இருவது கிராமுன்னா அஞ்சுல ஒரு பாக்ஸு. ஆசிட்டு எண்ணிக்கையில அதுக்கு ரெட்டிப்பு, அஞ்சுல ரெண்டு. முப்பத்தாறரையில அஞ்சுல ரெண்டுன்னா...” போனில் தட்டினாள். “பதினாலு புள்ளி ஆறு.”

சரியான விடை. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “ஸ்கூல்ல எங்க சாரும் உங்கள மாதிரிதான். ஒரு தடவ மோல்னா என்னன்னு கேட்டேன். இதுகூட மண்டையில ஏறலியான்னு கிளாஸ் முன்னால வச்சிக் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வார்த்தைகூட மாறாமல் அதையேதானே நானும் சொன்னேன்? மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அதையும் போட்டுவிட்டாள், என்னைக் கேட்காமலே.

வருகிற வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை. பாஸாகிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லிக்கொடுப்பதில் ஃபெயிலான அந்த சாருக்கும் எனக்கும்தான் மறுதேர்வு வைக்க ஆளில்லை.