மழை திருத்திய விடைத்தாள்

வக்கீலம்மாவின் மனுக்களைப் பார்த்து நீதிபதிகளே சிரித்திருக்கிறார்கள். மற்ற வக்கீல்கள் சுற்றி வளைத்து மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவார்கள். இவளுடைய மனுவில் யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்பதெல்லாம் முதல் வரியிலேயே வந்து நிற்கும். “என்னம்மா, தலைப்பு மட்டும்தான் பாக்கி போல” என்று ஒரு நீதிபதி கேட்டே விட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டமும் இதழியலும் சேர்ந்த ஐந்து வருடப் பட்டம் வாங்கியவள் அவள். ஆனால் அலுவலக வாசல் பலகையில் சட்டப் பாதியை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்தப் படிப்பில் அவள் சேர்ந்ததே வீட்டுச் சண்டையைத் தீர்க்கத்தான். அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் ஒருவரும் கிடையாது. அந்தத் திறமை மகளோடு வீணாகிவிடக் கூடாது, அவள் வக்கீலாக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்பாவோ செய்தித்தாளில் வரி விளம்பரம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் முகமே கழுவுவார். அவருக்கு அதில் மகள் பெயரைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பட்டத்தில் கிடைக்கிறது என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை சாலைக்கு இந்தப் பக்கம், இதழியல் துறை அந்தப் பக்கம். காலையில் இங்கே, மதியத்துக்கு மேல் அங்கே. இங்கே ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடினால்தான் மதிப்பு. அங்கே பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் சிவப்பு மை. சாலையைக் கடக்கும் இரண்டு நிமிடத்தில் தலையையே கழற்றி வேறு தலையை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த இரட்டைப் படிப்பு மாணவர்களைச் சட்டத்துறைக்காரர்கள் பேப்பர்க்காரங்க என்றார்கள். அந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்காரங்க என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பெயர் ஒன்று இருந்தது: இரண்டுங்கெட்டான்கள்.

அந்தப் பெயருக்கு அவர்கள் நியாயமாகவே உழைத்தார்கள். குற்றவியல் தேர்வில் ஒரு கொலை வழக்கைக் கொடுத்து விடை எழுதச் சொன்னபோது, அவள் பழக்க தோஷத்தில் முதலில் ஒரு தலைப்பை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே தலைப்பு. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் ஒருவன், எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுகிறவன் என்பதால் கத்தரிக்கோல் என்று பெயர் வாங்கியவன், ஒரு தீவிபத்துச் செய்தியில் ‘மேற்படி தீயானது’ என்று எழுதி வைத்தான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தார்கள். இன்றைக்கும் நீதிமன்ற வராந்தாவில் யாராவது ‘மேற்படி’ என்றால் அவளுக்கு வாயோரம் துடிக்கும். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் பிறகு வரவில்லை. அதை ஒத்துக்கொள்ள அவளுக்குத் தயக்கமும் இல்லை.

மாணவர்களே நடத்தும் நாலு பக்கப் பத்திரிகை ஒன்று மாதம் இருமுறை வந்தது. கடைசி வருடம் கத்தரிக்கோல்தான் அதற்கு ஆசிரியர். அவள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் முதல் வருடத்திலிருந்தே அவன்தான் வெட்டினான். “நீ தகவல் கொண்டு வர்றதுல கெட்டிக்காரி. எழுத்துதான் கட்டை மாதிரி இருக்கு” என்பான். அவள் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள். அடுத்த இதழுக்கு மறுபடியும் அவனிடம்தான் கொண்டு போய்க் கொடுப்பாள்.

தேர்வுப் பிரிவில் விடைத்தாள்களைக் கட்டுக் கட்டி அலமாரியில் அடுக்கும் வேலை பார்த்த பெண்மணியை எல்லோரும் கட்டு அக்கா என்பார்கள். அக்கா பேச ஆரம்பித்தால் கதவு, நாற்காலி எல்லாமே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆட்களாகிவிடும். “ஃபேன் இன்னைக்கு லீவு கேக்குது”, “இந்தப் பூட்டுக்கு என் மேல ஏதோ வருத்தம்” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போவார். அந்தப் பிரிவில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அக்கா வாயைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நாலு நாள் விடுமுறையில் பெய்த மழையில் தேர்வுப் பிரிவின் கூரை ஒழுகியது. ஐம்பது பேருடைய விடைத்தாள்கள் நனைந்து மை கரைந்துபோயிற்று. அதிகாரிகள் அதை வெளியே விடாமல், பழைய மதிப்பெண்களைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகப் புதிய மதிப்பெண்களைப் போட்டு முடிவை ஒட்டிவிட்டார்கள். கட்டு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பெயரைச் சொல்லக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஐம்பது பேரில் அவளும் ஒருத்தி, அதுவும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அப்படியிருந்தும் எழுதினாள்.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. ‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்’ சொன்னதாக ஒரு வாக்கியம் அதன் நடுவில் இருந்தது: “மழையே வந்து பேப்பரையெல்லாம் திருத்திட்டுப் போயிடுச்சு, எங்களுக்கு மார்க் போடுற வேலைதான் பாக்கி.” எதைக் கண்டாலும் வெட்டுகிற கத்தரிக்கோல் அந்த வாக்கியத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

பத்திரிகை வந்த மறுநாள் காலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் கட்டு அக்கா அவளுக்காகக் காத்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“பேரை நல்லாத்தான் மறைச்சிருக்கம்மா. என் வாயை மறைக்க மறந்துட்ட.”

தேர்வுப் பிரிவு ஆட்கள் யார் படித்தாலும் அந்த வாக்கியத்தில் அக்காவின் குரலே கேட்டிருக்கும். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் வேறு வருமானம் கிடையாது. பதினோரு மணிக்கு விசாரணைக் குழு அவளைக் கூப்பிட்டிருந்தது.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சட்டத்துறைத் தலைவர்.

“இதைச் சொன்னது யாரு?”

“சொல்ல முடியாது சார்.”

“வாயை மூடிக்கிட்டிருக்க உனக்கு உரிமை இருக்குன்னு எந்தச் சட்டத்துல படிச்ச? நான்தானே உனக்குப் பாடம் எடுத்தேன்” என்றார் அவர், பொறுமையாகத்தான். “சரி, நீ சொல்ல வேண்டாம். அந்தப் பிரிவுல ஆறு பேர்தான். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்.”

மௌனம் போதாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கும்வரை அவர்கள் தேடத்தான் செய்வார்கள்.

“யாரும் சொல்லல சார். கூரை ஒழுகினதை நான் பார்த்தேன். அந்தப் பேச்சை நானா எழுதிச் சேர்த்துக்கிட்டேன்.”

யாரும் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதுதான் அந்தத் தொழிலிலேயே பெரிய பாவம் என்று சாலைக்கு அந்தப் பக்கத்தில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாசலில் நின்ற கத்தரிக்கோலை உள்ளே கூப்பிட்டார்கள்.

“நீதானே ஆசிரியர்? இவ சொல்றதை நீ நம்புறியா?”

அவன் மேசைமேல் இருந்த பத்திரிகையைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

“நம்புறேன் சார். கதை அளக்குறது அவளுக்குப் பழக்கம்தான்.”

ஆறு பேரையும் கூப்பிடும் பேச்சு அதோடு நின்றது. கூரையை யாராலும் மறைக்க முடியாததால் அந்த ஐம்பது பேருக்கும் மறுதேர்வு வைத்தார்கள். அதில் அவளுக்கு மழை போட்ட மதிப்பெண்ணைவிடப் பதினொன்று குறைவு. பட்டம் கிடைத்தது. கூடவே நன்னடத்தைச் சான்றிதழில் ‘செய்தியில் இட்டுக்கட்டிய கூற்றைச் சேர்த்தவர்’ என்று ஒரு வரியும் கிடைத்தது. அதைப் படித்துப் பார்த்த எந்தச் செய்தித்தாளும் அவளை இரண்டாவது முறை உட்காரச் சொல்லவில்லை. அப்பா அந்த வரியைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் படித்தார். அவரிடம்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை.

அதெல்லாம் போகட்டும், அவள் பொறுத்துக்கொண்டாள். வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, பெயர் மாற்றம் என்று அவளுடைய நாட்கள் நிறைந்துபோயின. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான், அம்மாவுக்கும் பெருமைதான். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஐந்து வருடம் தன்னுடைய ஒவ்வொரு வரியையும் படித்த ஒருவன், தான் பொய் எழுதுகிறவள் என்று நம்பிவிட்டானே. அந்த விசாரணைக்குப் பிறகு இருந்த இரண்டு மாதமும் அவன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். எதிரே வந்தால் சாலையின் அடுத்த ஓரத்துக்குப் போனான். இருபத்திரண்டு வருடமாக அவனுடைய பெயரைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சுடும். குழு நினைத்ததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. இவன் நினைத்தது மட்டும் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் மதியம் குமாஸ்தா எட்டிப் பார்த்து, பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார். உள்ளே வந்தவனுக்குத் தலையில் முடி பாதிதான் இருந்தது. அதையும் அவனே வெட்டிவிட்டானோ என்று ஒரு கணம் தோன்றியது. ஏதோ அவதூறு வழக்காக இருக்கும் என்று நினைத்து அவள் பேனாவை எடுத்தாள்.

“எதிர்த்தரப்பு யாரு?”

“வழக்கு இல்ல” என்றான் கத்தரிக்கோல். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். “கட்டு அக்கா போன வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆயிட்டாங்க. விழாவுக்குப் போயிருந்தேன். பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்துடுச்சான்னு ரெண்டு தடவை கேட்டேன். வந்துடுச்சு. இனிமே யாரும் அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“அக்காதான் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் நான் கதை அளக்குறவள்னு அவங்க முன்னாடி சொன்னியா?”

“நம்பலைன்னு சொல்லியிருந்தா ஆறு பேரையும் கூப்பிட்டிருப்பாங்க. நீ சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி வேண்டியிருந்துச்சு. வேற யாரு இருந்தா?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” அவள் குரல் நீதிமன்றத்தில்கூட அவ்வளவு உயர்ந்ததில்லை. “இருபத்திரண்டு வருஷம்.”

அவன் மேசை விளிம்பை விரலால் தேய்த்தான்.

“உங்கிட்டப் பேசினா முகத்துலயே தெரிஞ்சிடும்னு பயம். முதல்ல ரெண்டு மாசம்னுதான் நெனச்சேன். அப்புறம் எனக்குப் பேப்பர்ல வேலை கிடைச்சுது, உனக்குக் கிடைக்கல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் முன்னாடி வர்றது? அக்காவோட வேலையைச் சாக்கா வச்சு ஒளிஞ்சுக்கிட்டேன்னே வச்சுக்கோ.”

அவளுக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்றுதான் இருந்தது.

“நான் எழுதலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அஞ்சு வருஷம் உன் எழுத்தை வெட்டினவன் நான்” என்றான் அவன். “அவ்வளவு நல்ல வாக்கியம் உனக்கு எழுத வராது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் நிறைந்து வழிந்தது. குமாஸ்தா பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தார். அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வக்கீலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆட்சேபணை இல்ல” என்றாள்.