செவ்வந்திக்கு ஆகாத ஊசி

முத்துப்பேட்டைக்கு மேற்கே உள்ள அந்தத் தெருவில், மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பும் டாக்டரை யாரும் டாக்டர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊசி குத்தினால்தான் வைத்தியம். நடவு வயலில் வாந்தியெடுத்த செவ்வந்தியும் கடைத்தெருக் கம்பவுண்டரிடம் கையை நீட்டி, "நல்லா ஏறுற மாதிரி போடுங்க" என்றுதான் கேட்டாள். அவரும் தாராளமாகவே போட்டார்.

வாந்தி நின்றது. பொழுது சாய்வதற்குள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. விழி மேலே செருகியது, தாடை பூட்டிக்கொண்டது. பண்ணையார் துரைக்கண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "முனி அடிச்சிருக்கு. புளியமரத்துல முடிய வச்சு ஆணி அடிங்கடா" என்றார். கரிசனமா? மண்ணாங்கட்டி! குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது. செவ்வந்தி குடிசை நிற்பது தன் மாட்டுக் கொட்டகை இடம் என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தாசில்தார் விசாரணை. பேய் பிடித்தவள் பேச்சு எடுபடுமா?

பூசாரி வந்து முடியைப் பிடித்தார். செவ்வந்தி அவர் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தாள். பேச்சு வராததால், ஊசி குத்திய இடத்தை அறைந்து அறைந்து காட்டினாள். புருஷன் வீரையனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பேரைச் சேர்த்து, கட்டிலோடு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான்.

டாக்டர் ஜெக்கரியா மாற்று மருந்து ஏற்றியதும் கழுத்து மெல்ல நேரானது. "இந்த ஊசிய வாந்திக்கும் போடுவோம், மனநோய்க்கும் போடுவோம். சிலருக்கு இப்படி இழுத்துக்கும். போட்டதும் சட்டுன்னு எந்திரிச்சாத் தலை சுத்தி விழுந்துடலாம். மருந்து பேர எழுதித் தர்றேன். எங்க போனாலும் இது எனக்கு ஆகாதுன்னு மொதல்ல சொல்லிடும்மா."

"இனிமே பேரச் சொல்லாம எவன் ஊசியத் தூக்குறான்னு பாக்குறேங்க" என்றாள் செவ்வந்தி.

விசாரணையில் துரைக்கண்ணு பேயைக் கைவிட்டு வேறு கொம்பைப் பிடித்தார். "இவளுக்குப் போட்டது பைத்தியத்துக்குப் போடுற ஊசிங்க. ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. இவ பேச்சக் கேக்கலாங்களா?"

செவ்வந்தி முன்னால் வந்து நின்றாள். "வாந்திக்குப் போட்டதுங்க அது. பைத்தியமே புடிச்சாலும் எங்குடிசை எங்குடிசைதான்!"

தாசில்தார் நிமிர்ந்தார். "சரிம்மா, மனைக்கு நாலெல்லை சொல்லு."

"கெழக்க வாய்க்காலு. மேக்க மூங்கிக் குத்து. தெக்க இவரு களம்." செவ்வந்தி துரைக்கண்ணுவை நேராகப் பார்த்தாள். "வடக்க, எம் மூத்த புள்ளயப் பொதச்ச எடம். என் வயல் வழியாப் பொணம் போவக் கூடாது, ஒன் கொல்லையிலயே பொதச்சுக்கன்னு சொன்னவரு இவருதாங்க."