மஞ்சள் வைத்த சட்டை

பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் ரயில் நிற்கிறது. இங்கிலீஷ்காரர்களின் சுங்கச் சோதனை. சனிக்கிழமை மதியம் வில்லியனூரில் ஏறிய நானும் நண்பன் ரத்தினமும் திங்கள் காலை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் சென்னையில் அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும்.

சுங்கக்காரர் அவன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பட்டுச் சட்டையை எடுக்கிறார்.

"புதுசா?"

"பழசு சார். ரெண்டு வருசமா போடறேன்."

அவர் காலரைத் திருப்பி ஓரத்து மஞ்சளைக் காட்டுகிறார். "அப்ப இது இன்னா?"

"காலையிலதான் அம்மா வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு ரத்தினம் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். எதிரே இருக்கும் வெற்றிலை வியாபாரி வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"தீர்வை கட்டுப்பா. இல்லாட்டி போட்டுக்க" என்கிறார் சுங்கக்காரர். "உடம்புல இருந்தா துணி, பெட்டியில இருந்தா சரக்கு."

தீர்வை கட்ட இறங்கினால் ரயில் போய்விடும். போட்டுக்கொண்டால் எழும்பூர் சேர்வதற்குள் பட்டில் கரி படிந்துவிடும். ரத்தினம் தயங்கவில்லை. புதுச் சட்டையைப் போட்டு, அதன்மேல் பழைய சட்டையையும் மாட்டி, கழுத்துவரை பொத்தான் போடுகிறான்.

"இன்னாய்யா இது, சித்திர வெயில்ல?"

"குளுருது சார்."

சுங்கக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியின்மேல் சாக்கட்டியால் குறி போடுகிறார்.