புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில்

குவைத்தில் ஃபஹாஹீல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முபாரக்கின் டீக்கடை இன்றுதான் திறந்திருக்கிறது. ஷார்ஜாவில் என் ரூமில் இருந்தவன். கம்பெனி வேலையாக இங்கே வந்த நான் எட்டிப் பார்க்க வந்தேன். என் கையெழுத்து அழகு என்று விலை அட்டையை எழுதச் சொன்னான். வடை ஐம்பது ஃபில்ஸ். 0.50 என்று பெரிதாக எழுதி, தட்டின் மேல் சாய்த்து வைத்தேன்.

வருகிறவர்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். வடை ஆறுகிறது. முதல் நாளே இப்படியா என்று முபாரக்கின் முகம் வாடுகிறது. வெளியே வந்து அட்டையைப் பார்க்கிறான்.

"அண்ணே, ஐந்நூறு ஃபில்ஸ் வடையா? இதை நானே வாங்க மாட்டேனே."

"ஐம்பதுதானே எழுதினேன்?"

"அது ஷார்ஜா கணக்கு. திர்ஹமுக்கு நூறு ஃபில்ஸ். இங்க தினாருக்கு ஆயிரம். புள்ளிக்கப்புறம் மூணு இடம் வேணும்."

கூச்சத்தோடு பேனாவை எடுத்து, புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு பூஜ்ஜியத்தை நெருக்கி எழுதுகிறேன். 0.050. பூஜ்ஜியம் சேர்ந்தால் தொகை ஏறும் என்றே இந்த வயதுவரை நினைத்திருந்தேன். இது பத்தில் ஒரு பங்காக இறக்கிவிட்டது.

டீயோடு கிளம்பிய டாக்சி டிரைவர் திரும்பி வந்து, நூறு ஃபில்ஸ் காசை வைத்து இரண்டு விரலைக் காட்டுகிறார்.

"அந்த முட்டைமேல கை பட்டுடாம பார்த்துக்கங்கண்ணே" என்று மை காயாத அட்டையைக் காட்டுகிறான் முபாரக்.

தட்டில் வடை குறையக் குறைய, அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.